பெண் கல்விக்காக எழுதுகோல் ஏந்திய ஸையித் ஷெய்கு அல்ஹாதி

பினாங்கில் வியாபாரம் செய்யும் நம்மில் ஜெலுத்தோங் சாலையைக் கடந்து போகாதவர் ஒருவரும் இருக்க முடியாது. சரக்கு எடுக்கப் போயிருப்போம், பாக்கி வசூலிக்கப் போயிருப்போம், உறவினர் வீட்டு நிக்காஹுக்குப் போயிருப்போம். அந்தச் சாலையில் 1927ஆம் ஆண்டில் ஓர் அச்சுக்கூடம் நிறுவப்பட்டது. ஜெலுத்தோங் பிரஸ் என்பது அதன் பெயர். அங்கே ஜாவி எழுத்தில் அச்சாகி மலாய் நாடெங்கும் போய்ச் சேர்ந்த பத்திரிகைகளிலும் நூல்களிலும் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப எழுப்பப்பட்டது. முஸ்லிம் வீட்டில் பிறந்த பெண் பிள்ளை எழுத்தறியாமல் வளர வேண்டும் என்று எந்த மார்க்கம் சொல்லியது என்பதே அந்தக் கேள்வி.

அதைக் கேட்டவர் ஸையித் ஷெய்கு அல்ஹாதி அவர்கள். மலாய்ச் சகோதரர்கள் அவர்களை நன்கறிவார்கள். அவர்கள் எழுதிய நாவலின் பெயர் இந்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால், அவர்கள் வாழ்ந்து உழைத்து மறைந்த இதே ஊரில் மூன்று நான்கு தலைமுறையாகக் கடை வைத்திருக்கும் தமிழ் முஸ்லிம்களாகிய நமக்கு அவர்களைப் பற்றித் தெரிந்தது மிகக் குறைவு. ஆகவே அன்னாரின் வாழ்க்கையை நம் சங்கத்து அங்கத்தினர்களுக்குச் சுருக்கமாக எடுத்துச் சொல்வது கடமை எனக் கருதினோம்.

ஸையித் ஷெய்கு அவர்கள் 1867ஆம் ஆண்டில் மலாக்காவில் பிறந்தார்கள். தந்தையார் ஸையித் அஹ்மது அவர்கள் ஹளரமௌத்து அரபு வமிசத்தைச் சேர்ந்தவர்கள். தாயார் மலாய்ப் பெண்மணி. கடல் கடந்து வந்தவர் வமிசமும் இந்த மண்ணில் பிறந்தவர் வமிசமும் ஒரே வீட்டில் கலந்திருப்பது பினாங்குவாசிகளாகிய நமக்குப் புதிய செய்தியல்ல. நம் முன்னோர் பலரின் கதையும் அதுதான்.

சிறு வயதில் திரெங்கானுவில் மார்க்கக் கல்வி பயின்றார்கள். பின்னர் ரியாவ் தீவுகளைச் சேர்ந்த பெனியெங்காட் தீவில், அரச குடும்பத்தவரான ராஜா அலி கெலானா அவர்களின் வளர்ப்புப் பிள்ளையானார்கள். அக்காலத்தில் பெனியெங்காட் அரண்மனை அறிஞர்கள் கூடும் இடமாக விளங்கியது. நூல் எழுதுவதும் படிப்பதும் விவாதிப்பதும் அங்கே அன்றாட வழக்கம். பட்டமோ பெரிய சான்றிதழோ பெறாத ஸையித் ஷெய்கு அவர்களுக்கு அந்தச் சபைகளே பல்கலைக்கழகமாயின. அரச குடும்பத்தினருடன் மக்காவுக்கும் மிஸ்று நாட்டுக்கும் சென்றுவரும் வாய்ப்பும் கிட்டியது. ஷெய்கு முஹம்மது அப்துஹு அவர்களின் சீர்திருத்தக் கருத்துகள் மிஸ்றில் பரவிக்கொண்டிருந்த காலம் அது. முஸ்லிம்களின் தாழ்வுக்குக் காரணம் மார்க்கம் அல்ல, மார்க்கத்தைச் சரிவர அறியாமையே என்ற எண்ணம் ஸையித் ஷெய்கு அவர்கள் உள்ளத்தில் வேரூன்றியது.

1901ஆம் ஆண்டளவில் சிங்கப்பூருக்கு வந்து, ரியாவ் அரச குடும்பத்தின் வணிகத்தைக் கவனிக்கும் பொறுப்பை ஏற்றார்கள். இதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும். அவர்கள் உலகம் தெரியாமல் மூலையில் உட்கார்ந்து எழுதியவர் அல்லர். கணக்குப் பார்க்கவும் கடிதப் போக்குவரத்து நடத்தவும் லாப நட்டத்தின் சூடு அறியவும் செய்தவர்கள். கல்வியைப் பற்றி அவர்கள் பின்னாளில் எழுதியவற்றில் வியாபாரியின் நடைமுறைப் பார்வை இருந்ததற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

1906 ஜூலையில் சிங்கப்பூரில் அல் இமாம் என்னும் மலாய் மாதப் பத்திரிகை தொடங்கியது. அல் அஸ்ஹரில் பயின்ற ஷெய்கு தாஹிர் ஜலாலுத்தீன் அவர்கள் அதன் ஆசிரியர். ஸையித் ஷெய்கு அவர்கள் அதன் தூண்களில் ஒருவர். கெய்ரோவிலிருந்து வந்துகொண்டிருந்த அல் மனார் பத்திரிகையை முன்மாதிரியாகக் கொண்டு நடந்த அல் இமாம், 1908 டிசம்பரில் நின்றுபோயிற்று. ஆயுள் குறைவென்றாலும் அது விதைத்த விதை பெரிது. பத்திரிகை நடந்துகொண்டிருந்த காலத்திலேயே அல் இக்பால் என்ற மத்ரஸாவையும் தொடங்கினார்கள். மார்க்கப் பாடத்தோடு பூகோளமும் கணக்கும் ஆங்கிலமும் சொல்லித்தர முயன்ற பாடசாலை அது. மக்கள் ஆதரவு போதாமல் அதுவும் சிங்கப்பூரில் நிலைக்கவில்லை.

பின்னர் ஜொஹோரில் சில ஆண்டுகள் ஷரீஅத் வழக்கறிஞராகப் பணி புரிந்தார்கள். இப்பணி அவர்களுக்குப் பெரியதொரு பாடமாக இருந்திருக்க வேண்டும். ஏனென்றால் ஷரீஅத் மன்றத்தின் வாசலுக்கு வருகிற வழக்குகள் எவை? செலவுக்குப் பணம் தராத கணவன், கோபத்தில் சொன்ன தலாக், கொடுபடாத மஹர், பாகப்பிரிவினையில் மறைக்கப்பட்ட பங்கு, இவை அல்லவா? உரிமை கிதாபில் இருக்கிறது. அந்த உரிமைக்குச் சொந்தக்காரியோ அந்தக் கிதாபை வாசிக்கத் தெரியாமல் வாசலில் நிற்கிறாள்.

1915ஆம் ஆண்டில் பிறந்த ஊரான மலாக்காவில் ஒரு மத்ரஸா தொடங்கினார்கள். அதுவும் நீடிக்கவில்லை. அதன் பிறகே நம் பினாங்கு அவர்களை அழைத்துக்கொண்டது. 1916ஆம் ஆண்டில் இங்கே ஆச்சே தெருவில் மத்ரஸா அல் மஷ்ஹூர் தொடங்கியிருந்தது. சில ஆண்டுகளில் ஸையித் ஷெய்கு அவர்கள் அதன் தலைமை ஆசிரியரானார்கள். மலாய் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் மாணவர் தேடி வரும் கலாசாலையாக அது புகழ் பெற்றது.

மூன்று ஊர்களில் மூன்று முயற்சிகள். அவற்றில் இரண்டு கண்ணெதிரே மூடப்பட்டன. நம்மில் ஒருவருக்கு இரண்டு கடைகள் நொடித்துப்போனால் மூன்றாவது கடைக்கு முதல் போட மனம் வருமா? அன்னாருக்கு வந்தது. அதுவும் ஐம்பது வயதை எட்டிய பிறகு.

இனி அவர்கள் வாழ்க்கையின் சிறந்த பகுதிக்கு வருவோம்.

1925, 1926ஆம் ஆண்டுகளில், ஃபரீதா ஹானும் என்று சுருக்கமாக அழைக்கப்படும் நாவல் இரண்டு பாகங்களாகப் பினாங்கில் வெளிவந்தது. கதை நடப்பது மிஸ்று நாட்டில். ஃபரீதா செல்வர் வீட்டுப் பெண். கல்வி கற்றவள். பத்திரிகை வாசிப்பவள், நாட்டு நடப்பை விவாதிப்பவள். ஷபீக் என்ற இளைஞனும் அவளும் ஒருவரையொருவர் விரும்புகிறார்கள். பெற்றோரோ அவள் சம்மதத்தைக் கேளாமல் உறவினன் ஒருவனுக்கு மணமுடிக்கத் தீர்மானிக்கிறார்கள். அதனால் விளையும் துன்பங்களும், அவற்றிலிருந்து அவள் மீளும் வழியுமே கதை. இடையிடையே பெண் கல்வி பற்றியும், மணப்பெண்ணின் சம்மதம் பற்றியும், மார்க்கம் பெண்ணுக்குக் கொடுத்த உரிமைகள் பற்றியும் பாத்திரங்கள் நெடுநேரம் உரையாடுகின்றன.

இந்த நூல் பரபரப்பாக விற்றது. எதிர்ப்பும் அதே அளவுக்கு எழுந்தது. மத்ரஸாவின் தலைமை ஆசிரியராக இருந்தவர் காதல் கதை எழுதலாமா என்று கேட்டவர்கள் பலர். அந்தக் கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது என்பதையும் நாம் ஒப்புக்கொள்வோம். ஆனால் அன்னாரின் நோக்கத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பயானைக் கேட்கப் பள்ளிவாசலுக்கு வருவோர் ஆண்கள். பத்திரிகைத் தலையங்கத்தை வாசிப்போரும் பெரும்பாலும் ஆண்கள். கதையோ அடுப்படி வரை போகும். ஜாவி எழுத்தை வாசிக்கத் தெரிந்த ஒரு பெண், வீட்டிலுள்ள மற்றப் பெண்களுக்கு அதை உரக்கப் படித்துக் காட்ட முடியும். எவருக்குச் செய்தி போய்ச் சேர வேண்டுமோ, அவர்களிடம் போகிற வாகனத்தில் அதை ஏற்றி அனுப்பினார்கள். சரக்கை எந்தத் துறைக்கு எந்தக் கப்பலில் அனுப்புவது என்று தெரிந்தவர் செய்கிற காரியம் அது.

அந்நூல் விற்ற பணமே ஜெலுத்தோங் அச்சுக்கூடத்துக்கு முதலாயிற்று. 1926 செப்டம்பரில் அல் இக்வான் என்ற மாதப் பத்திரிகையும், 1928 செப்டம்பரில் ஸவுதாரா என்ற வாரப் பத்திரிகையும் தொடங்கின. அரபுப் பெயரும் மலாய்ப் பெயரும் கொண்ட இவ்விரண்டுக்கும் பொருள் சகோதரர் என்பதே. ஸவுதாரா, நிறுவியவர் மறைந்த பின்னும் 1941 வரை நடந்தது.

அல் இக்வான் இதழ்களில் பெண்களின் உரிமை பற்றித் தொடர்ந்து எழுதினார்கள். மிஸ்று நாட்டு நீதிபதியான காஸிம் அமீன் அவர்கள் 1899ஆம் ஆண்டில் பெண் விடுதலை பற்றி வெளியிட்ட அரபு நூல் அன்று முஸ்லிம் உலகையே உலுக்கியது. அதன் கருத்துகளை மலாய் மொழியில் தொடராகத் தந்து, 1930ஆம் ஆண்டில் அலாம் பெரெம்புவான், அதாவது பெண்கள் உலகம், என்ற பெயரில் நூலாகவும் வெளியிட்டார்கள். பெண்ணுக்குக் கல்வி கொடுங்கள், மணமக்களின் சம்மதத்தைக் கேளுங்கள், தலாக்கை ஆத்திரத்தின் ஆயுதமாக்காதீர்கள், பல தார மணத்துக்கு மார்க்கம் வைத்த நிபந்தனையை மறந்துவிடாதீர்கள் என்பனவே அதன் சாரம்.

அவர்கள் வாதத்தின் அடிப்படை எளியது. அதை ஐரோப்பாவிலிருந்து கடன் வாங்கவில்லை. கல்வி தேடுவது முஸ்லிமான ஒவ்வொருவர் மீதும் கடமை என்று கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் போதித்ததில் ஆணென்றும் பெண்ணென்றும் வேற்றுமை இல்லை. ஆயிஷா நாயகி (ரலி) அவர்களிடம் ஸஹாபாக்களே வந்து சட்டம் கேட்டுத் தெளிந்தார்கள். வியாபாரிகளாகிய நாம் மறக்கக் கூடாத பெயர் கதீஜா நாயகி (ரலி) அவர்களுடையது. ஷாம் தேசத்துக்கு வணிகக் கூட்டத்தை அனுப்பிய முதலாளி அவர்கள். நம்பிக்கையும் நாணயமும் கண்டு நாயகத்தைத் தம் வணிகத்துக்கு நியமித்தவர்கள். மொரோக்கோ நாட்டு பாஸ் நகரில் கி.பி. 859ல் கரவிய்யீன் பள்ளிவாசலைத் தந்தை வழி வந்த சொத்தைக் கொண்டு எழுப்பியவர் பாத்திமா அல் பிஹ்ரி என்னும் வணிகர் மகள் என்று வரலாற்றாசிரியர்கள் கூறுவர். அப்பள்ளிவாசலே பின்னர் பெரும் கலாசாலையாயிற்று. இங்கிலாந்தில் மணமான பெண் தன் பெயரில் சொத்து வைத்துக்கொள்ள 1882ஆம் ஆண்டின் சட்டம் வர வேண்டியிருந்தது. முஸ்லிம் பெண்ணுக்கு அந்த உரிமை பதின்மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே கொடுக்கப்பட்டுவிட்டது. கொடுக்கப்பட்டதை அனுபவிக்க விடாமல் தடுத்தது யார் என்பதே ஸையித் ஷெய்கு அவர்களின் கேள்வி.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அவர்கள் புதிய கூட்டத்தார் என்று பெயர் பெற்ற சீர்திருத்தக்காரர்களின் தலைவர்களில் ஒருவர். பழைய வழக்கங்களைப் போற்றியவர்களுக்கும் இவர்களுக்கும் அன்று மலாய் நாடெங்கும் கடும் தர்க்கம் நடந்தது. மார்க்க மஸ்அலாக்கள் பலவற்றில் அவர்கள் கொண்ட அபிப்பிராயங்களை நம் உலமாக்கள் பலர் ஏற்கவில்லை. அந்த வாதத்தை இங்கே கிளப்புவது நமது நோக்கமன்று. மேலும், அவர்கள் பெண் கல்வியை வற்புறுத்தியபோது நல்ல தாயாகவும் நல்ல மனைவியாகவும் விளங்குவதற்கே அதை முதன்மையாக வேண்டினார்கள். இன்றைய பெண்கள் சிலருக்கு அது குறைவாகத் தோன்றலாம். ஒரு காலத்தவர் அடுத்த காலத்தை முழுவதும் கண்டுவிட முடியாது. ஆனால் அவர்கள் திறந்த கதவு வழியாகத்தான் அடுத்த காலம் உள்ளே வந்தது.

அவர்கள் தனியாகவும் நிற்கவில்லை. தமிழ் பேசும் முஸ்லிம்களில் இலங்கைக் கண்டியைச் சேர்ந்த அறிஞர் சித்தி லெப்பை அவர்கள் 1882ஆம் ஆண்டிலேயே முஸ்லிம் நேசன் பத்திரிகையைத் தொடங்கி, முஸ்லிம் பெண் பிள்ளைகளுக்குப் பாடசாலை வைக்கவும் பாடுபட்டார்கள். வங்காளத்தில் பேகம் ருக்கையா அவர்கள் 1911ஆம் ஆண்டில் கல்கத்தாவில் பெண்கள் பள்ளியை நிறுவி, வீடு வீடாகச் சென்று பிள்ளைகளை அழைத்து வந்தார்கள். கடலுக்கு அப்பால் சுமத்ராவில் ரஹ்மா அல் யூனுஸிய்யா என்ற இளம் பெண்மணி 1923ல் பாடாங் பஞ்சாங் நகரில் பெண்களுக்கென்றே மத்ரஸா தொடங்கினார்கள். நாகூரில் மூன்றாம் வகுப்போடு பள்ளி நிறுத்தப்பட்ட சித்தி ஜுனைதா பேகம் அவர்கள், வீட்டிலிருந்தபடியே கற்று 1938ஆம் ஆண்டில் நாவல் எழுதி வெளியிட்டார்கள். மூன்றாம் வகுப்போடு நின்ற பெண்ணால் இவ்வளவு முடிந்ததென்றால், முழுதும் படித்திருந்தால் எவ்வளவு முடிந்திருக்கும்!

நம் பினாங்கின் நிலைமை அன்று என்ன? லைட் ஸ்திரீட் கான்வெண்ட் 1852லும், செயின்ட் ஜார்ஜ் பெண்கள் பள்ளி 1885லும் தொடங்கிவிட்டன. கிறிஸ்தவப் பாதிரிமார் பள்ளிகள் என்று அஞ்சி முஸ்லிம் தகப்பன்மார் பலர் அனுப்பவில்லை. அந்த அச்சத்தில் நியாயமும் இருந்தது. ஆனால் அஞ்சியவர்கள் அதற்கு ஈடாகத் தாங்களே ஒரு பள்ளியைக் கட்டினார்களா? வேண்டாம் என்று சொல்வது எளிது. வேறொன்றை ஏற்படுத்துவதே கடினம். ஸையித் ஷெய்கு அவர்கள் நம் சமூகத்தாரை நோக்கி விடுத்த சவால் இதுவே.

1934 பிப்ரவரி 20ஆம் நாள் ஜெலுத்தோங்கிலிருந்த தம் இல்லத்தில் அன்னார் வபாத்தானார்கள். அதற்கு அடுத்த ஆண்டு, 1935ல், அவர்கள் பிறந்த மலாக்காவிலேயே மலாய்ப் பெண்களுக்கான ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி திறக்கப்பட்டது. அங்கே பயின்றவர்கள் நாடெங்கும் சென்று கிராமத்துப் பெண் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார்கள். அன்னார் தலைமை வகித்த அல் மஷ்ஹூரின் பெயரால் இன்று பினாங்கில் ஆண்களுக்கு ஒரு பள்ளியும் பெண்களுக்கு ஒரு பள்ளியும் நடக்கின்றன.

உலகம் இவ்வளவு தூரம் வந்த பிறகும் வேலை முடியவில்லை. ஐக்கிய நாடுகள் சபை 2012 முதல் ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 11ஆம் நாளைப் பெண் குழந்தைகள் தினமாகக் கொண்டாடுகிறது. அப்படியொரு நாள் தேவைப்படுவதே குறை இன்னும் இருக்கிறது என்பதற்குச் சாட்சி. 2021ல் ஆப்கானிஸ்தானத்தில் ஆறாம் வகுப்புக்கு மேல் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கதவு அடைக்கப்பட்டது. 2022 டிசம்பரில் பல்கலைக்கழகக் கதவும் அடைக்கப்பட்டபோது, அது ஷரீஅத்துக்கு முரணானது என்று அல் அஸ்ஹரின் தலைமை இமாம் அவர்களே அறிவித்தார்கள். எந்த கெய்ரோவிலிருந்து ஸையித் ஷெய்கு அவர்கள் ஊக்கம் பெற்றார்களோ, அதே கெய்ரோவிலிருந்து எழுந்த குரல் அது.

தூர தேசத்தைப் பற்றி வருந்துவது எளிது. நம் வீட்டைப் பார்ப்போம். நம் பெண் பிள்ளைகள் இன்று பள்ளிக்குப் போகிறார்கள், பட்டமும் பெறுகிறார்கள். அல்ஹம்துலில்லாஹ். ஆனால் கடையின் ஐந்தொகையை மகனுக்குக் காட்டும் நாம் மகளுக்குக் காட்டுகிறோமா? கடைக்காரர் ஒருவர் திடீரென்று மவ்த்தாகிவிட்டால், கொடுக்கல் வாங்கல் என்ன, கூட்டாளியிடம் உள்ள முதல் எவ்வளவு, தன் பங்கு என்ன என்று எதுவும் தெரியாமல் இத்தாவில் இருக்கும் விதவை, பிறர் சொன்னதை நம்பிக் கைந்நாட்டு வைப்பதை நம் வாழ்நாளில் எத்தனை முறை பார்த்திருக்கிறோம்! மஹரை ஏட்டில் எழுதிவிட்டுக் கைக்கூலியைக் கையில் வாங்குகிற வழக்கத்தை நாம் முழுவதும் விட்டொழித்தோமா? ஃபராயிள் சட்டப்படி சகோதரிக்குச் சேர வேண்டிய பங்கை, சீர் செய்தாகிவிட்டது என்று சொல்லி விட்டுக்கொடுக்கச் செய்வதில்லையா?

எடையில் குறைத்து விற்பவனை நாம் வியாபாரி என்று மதிப்பதில்லை. மகளின் உரிமையில் எடை குறைப்பவனை என்னவென்று அழைப்பது?

ஆகவே சகோதரர்களே, இந்தப் பெரியாரின் வாழ்க்கையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளத்தக்கவை சில உண்டு. மகளும் மகனும் ஒரே அளவு படிக்கட்டும். நிக்காஹுக்கு நாள் குறிக்கும் முன் மணப்பெண்ணின் விருப்பத்தைத் தனியே, அச்சமின்றிச் சொல்லும்படி கேட்போம். கடையின் கணக்கும் சொத்தின் விவரமும் மனைவி மக்களுக்குத் தெரிந்திருக்கட்டும். படிக்கத் துடிக்கும் ஏழைப் பெண் பிள்ளை நம் ஜமாஅத்தில் இருந்தால் அவள் கட்டணத்தை ஒரு கடை ஏற்றுக்கொள்ளட்டும். இதற்குப் பெரிய முதல் தேவையில்லை. ஒரு நாவல் விற்ற பணத்தில் ஒரு சமூகத்தின் பேச்சையே மாற்றிக் காட்டியவர் வாழ்ந்த ஊர் இது.

அடுத்த முறை ஜெலுத்தோங் சாலை வழியாகப் போகும்போது அன்னாருக்காக ஒரு பாத்திஹா ஓதுவோம். வல்ல அல்லாஹ் அவர்களின் பிழைகளைப் பொறுத்து, நல்லமல்களை ஏற்றருள்வானாக. நம் பெண்மக்களைக் கல்வியாலும் ஈமானாலும் சிறப்பிப்பானாக. ஆமீன்.